பாத எலும்பு முறிந்தபின் மறுபடியும் கூடைப்பந்துக்குத் திரும்புவது எப்படி

என் இடது பாதத்தில், சுண்டுவிரலுக்கு நேர் பின்னால், நீளவாக்கில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. 2011-இல் வைத்தது. முறிந்த எலும்பு கூடுவதற்கு முன்னால் நான் ஆடப் போனதால் அது அங்கே வந்தது.

அப்போது எனக்கு வயது 23. கோவையில் இயன்முறை மருத்துவம் படித்து முடித்து மொரீஷியஸ் திரும்பிய முதல் வருடம். பகலில் வேலை, சாயங்காலம் காத்ர் போர்ன் என்ற ஊரில் ஒரு பெண்கள் அணியில் பந்தை நடத்திச் செல்லும் கார்டாக ஆடிக்கொண்டிருந்தேன். பாதத்தின் வெளிப்பக்கம் மூன்று வாரமாக ஒரு மந்தமான வலி. ஆட ஆரம்பித்தால் மறையும், வீட்டுக்கு வந்து படியேறும்போது திரும்ப வரும். ஒரு நாள் பயிற்சியில் இடது காலை ஊன்றி வலப்பக்கம் வெட்டித் திரும்பினேன். குச்சி ஒடிவதுபோல் சத்தம் கேட்டது. முதலில் காட்டிய இடத்தில் சுளுக்கு என்று சொல்லித் துணிக்கட்டு போட்டு அனுப்பினார்கள். ஐந்து நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் முறிவு தெரிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். ஆறாவது வாரம் அதைப் பிரித்தபோது வலி துளியும் இல்லை. ஏழாவது வாரம் ஒரு முக்கியமான ஆட்டம். எலும்பு ஒட்டியிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்காமல் ஓடக் கூடாது என்பதைப் பாடமாகவே படித்தவள் நான். ஆனாலும் வலிதான் இல்லையே என்று போனேன். இரண்டாவது குவார்ட்டரில் அதே இடம், அதே சத்தம்.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்: வலி போவது வேறு, எலும்பு கூடுவது வேறு. வலி சீக்கிரம் போய்விடும். எலும்பு தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். நீங்கள் எலும்பின் நேரத்தில்தான் ஆடுகளத்துக்குத் திரும்ப வேண்டும்.

எங்கள் தீவில் கூடைப்பந்தை மட்டும் நம்பிப் பிழைப்பவர் அரிது. ஆசிரியர், வங்கி ஊழியர், ஓட்டல் வேலைக்காரர், மாணவர் என்று எல்லோரும் வேலை முடிந்து வந்து ஆடுகிறவர்கள். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஆடும் வீரனுக்குக் கூப்பிடும் தூரத்தில் மருத்துவர் இருப்பார், உடல் எடையைக் குறைத்து ஓட வைக்கும் டிரெட்மில் இருக்கும். எங்களுக்கு இருப்பது கடல், ஓர் அளவுநாடா, ஒரு நோட்டுப் புத்தகம். என்னோடு கோவையில் படித்த சிலர் இன்று தமிழ்நாட்டில் அணிகளோடு வேலை செய்கிறார்கள். அங்கேயும் பல அணிகளுக்கு நிலைமை இதுதான் என்கிறார்கள். அவர்கள் கேட்டதால் தமிழில் எழுதுகிறேன். வெளியே போனால் எனக்கு எல்லாம் எங்கள் தீவின் பேச்சுமொழியான க்ரியோல்தான், ஆனால் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து தமிழ் விட்டுப்போகவில்லை.

நான்கு அடி நடக்க முடிகிறதா?

கால் மடங்கி விழுந்த வீரரை உடனே ஐஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் மூன்று விஷயம் பாருங்கள். கனடா மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட ஆட்டவா விதிகள் என்பவற்றில் பாதத்துக்கான பகுதி இது. சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளிவிளிம்பு வழியாகப் பின்னால் தடவிக்கொண்டு வந்தால், பாதி வழியில் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அதை அழுத்தினால் வலிக்கிறதா? உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால், பாதவளைவின் உச்சியில் இருக்கும் நாவிகுலர் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? நொண்டியாவது நான்கு காலடி எடுத்து வைக்க முடிகிறதா? நடுப்பாதத்தில் வலி இருந்து, இந்த இரண்டு இடங்களில் ஒன்று அழுத்தும்போது வலித்தாலோ, நான்கு அடி வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். எனக்கு அந்த மேட்டை யாராவது அழுத்திப் பார்த்திருந்தால் அந்த ஐந்து நாள் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு அறிகுறியும் உண்டு. உள்ளங்காலில், பாதவளைவுக்கு அடியில் நீலம் பாரித்திருந்தால் அது லிஸ்ஃப்ராங்க் காயமாக, அதாவது நீள எலும்புகள் நடுப்பாதத்தோடு சேரும் மூட்டில் பட்ட காயமாக இருக்கலாம். அதற்கு உட்கார்ந்த நிலையில் எடுக்கும் எக்ஸ்ரே போதாது. தாங்க முடிந்தால், காலை ஊன்றி நிற்கவைத்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரே அடியில் முறியாமல், வாரக்கணக்காக ஓடிக் குதித்து வந்த விரிசல் முதல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே சுத்தம் என்று சொன்ன பிறகும் ஒரே புள்ளியில் வலி நின்றால் எம்.ஆர்.ஐ. எடுப்பதே சரி. எங்கள் ஊரில் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், ஆனால் ஸ்கேனுக்கு வரிசை நீளும். வரிசையில் காத்திருக்கும் நாட்களில் ஆடாமல் இருங்கள்.

எந்த எலும்பு என்று பெயரோடு கேளுங்கள்

"பாதத்தில் முறிவு" என்று எழுதிய சீட்டோடு மட்டும் வீட்டுக்குப் போகாதீர்கள். பாதத்தில் 26 எலும்பு உண்டு. இரண்டு விரல் அகலம் தள்ளி முறிந்தால் ஆறு வாரம் என்பது ஆறு மாதமாகிவிடும்.

சுண்டுவிரலின் நீள எலும்பை, அதாவது ஐந்தாவது மெட்டாடார்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்நுனியில் ஒரு சில்லு பெயர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. கெட்டியான அடித்தகடுள்ள ஷூவிலேயே ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் சரியாகும். அந்த நுனியிலிருந்து கொஞ்சம் முன்னால் முறிந்தால் அதற்குப் பெயர் ஜோன்ஸ் முறிவு. சர் ராபர்ட் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர் நடனமாடும்போது தன் பாதத்தையே முறித்துக்கொண்டு, 1902-இல் அதைப் பற்றி எழுதினார். அந்த இடத்துக்கு ரத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து, இரண்டுமே வாய்க்காலின் கடைமடைபோல் மெலிந்துபோகும். அதனால் அது மெதுவாகக் கூடும், சில நேரம் கூடாமலே நின்றுவிடும். கூடைப்பந்து வீரருக்கு இதில் மாவுக்கட்டைவிட எலும்புக்குள் நீளமாக ஒரு ஸ்க்ரூ வைப்பதைத்தான் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் விரும்புகிறார்கள். அப்படி வைத்தால் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் திரும்புவது வழக்கம். ஸ்க்ரூவை எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். ஆடுகிற காலம் முடியும்வரை அதைத் தொட வேண்டாம். எடுத்தபின் அதே இடம் மறுபடி முறிந்தவர்கள் உண்டு.

நாவிகுலர் இன்னும் பொறுமையைக் கேட்கும். அதன் நடுப்பகுதிக்கும் ரத்த ஓட்டம் குறைவு. கட்டு மட்டும் போதும் என்றால்கூட ஆறு முதல் எட்டு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. ஊன்றாமல் என்றால் குளியலறைக்குப் போகும்போதும்தான். அறுவையோ கட்டோ, மறுபடி ஆட நான்கு முதல் ஆறு மாதம் என்று மனதைத் தயார் செய்யுங்கள். லிஸ்ஃப்ராங்க் அறுவைக்கு நான் ஆறு மாதத்துக்குக் குறைத்து யாருக்கும் நாள் சொல்வதில்லை. நடுவில் உள்ள இரண்டாவது, மூன்றாவது மெட்டாடார்சல் விரிசல்கள் சாதுவானவை. ஆறு, எட்டு வார ஓய்வில் அடங்கும்.

பெரிய வீரர்கள் சொல்லித்தந்தது

என்.பி.ஏ. இரவு ஆட்டம் எங்களுக்கு விடிகாலை நாலரை மணிக்கு வரும். அண்ணன் வீட்டில் அதற்காக எழுந்து உட்காருகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல நான் சில பாதங்களின் கதையை வைத்திருக்கிறேன்.

கெவின் டூரண்ட் 2014 அக்டோபர் 16-இல் ஜோன்ஸ் முறிவுக்கு ஸ்க்ரூ வைத்துக்கொண்டார். டிசம்பர் 2-இல் ஆட வந்துவிட்டார். ஏழு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரியில் ஸ்க்ரூவின் தலை பக்கத்து எலும்பில் உரசுகிறது என்று மறுபடி அறுவை. மார்ச் கடைசியில் மூன்றாவது அறுவை, அதில் எலும்பு ஒட்டு வைத்தார்கள். அந்த சீசனில் அவர் ஆடியது 27 ஆட்டம். இனிக் கதையின் மறுபாதி: அடுத்த சீசனில் 72 ஆட்டம், சராசரி 28.2 புள்ளி. காலம் கொடுத்த பிறகு அந்தப் பாதம் அவருக்கு எல்லாவற்றையும் திருப்பித் தந்தது.

ஜோயல் எம்பீடுக்கு நாவிகுலர். 2014 ஜூனில் ஓர் அறுவை, 2015 ஆகஸ்டில் இன்னொன்று. இரண்டு முழு சீசன் கரையில் உட்கார்ந்தார். 2016 அக்டோபர் 26-இல் முதல் ஆட்டம், 20 புள்ளி. அன்றிலிருந்து நிமிடக் கணக்கு வைத்துத்தான் ஆடவிட்டார்கள். 2023-இல் அவர்தான் எம்.வி.பி., அதாவது சீசனின் மிகச் சிறந்த வீரர். செட் ஹோல்ம்கிரன் 2022 ஆகஸ்டில் லிஸ்ஃப்ராங்க் காயத்தால் ஒரு சீசன் முழுவதையும் விட்டார். அடுத்த சீசனின் 82 ஆட்டத்தில் ஒன்றுகூட விடவில்லை.

மைக்கேல் ஜோர்டன் 1985-இல், சீசனின் மூன்றாவது ஆட்டத்தில் நாவிகுலரை முறித்துக்கொண்டு 64 ஆட்டம் விட்டார். மார்ச்சில் திரும்பியபோது பாதி ஆட்டத்துக்கு 7 நிமிடம் என்று கட்டுப்பாடு. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் 1986 ஏப்ரல் 20-இல் பாஸ்டனுக்கு எதிராக 63 புள்ளி எடுத்தது அதே பாதத்தின் மேல்தான்.

யாவ் மிங்கையும் சொல்லியாக வேண்டும். 229 சென்டிமீட்டர் உயரம். 2008-இல் இடது பாதத்தில் விரிசல், 2009-இல் மறுபடி, அதன் பிறகு கணுக்காலில். 2011-இல், முப்பது வயதில் விடைபெற்றார். எல்லாப் பாதமும் திரும்பி வருவதில்லை என்பதைச் சொல்லாமல் மறைக்க எனக்கு மனம் வராது. அதுவும் வளையத்துக்கு அடியில் ஆடும் உயரமான சென்டர்களின் பெற்றோரிடம் கட்டாயம் சொல்வேன்.

ஊன்றாத வாரங்கள்

இந்த நாட்களைச் சும்மா கழித்துவிட்டால் பின்னால் இரட்டிப்பாக உழைக்க வேண்டும். நல்ல காலுக்கு, இடுப்புக்கு, வயிற்றுக்கு, தோளுக்கு வேலை கொடுங்கள். நல்ல காலைத் தனியாகப் பலப்படுத்தினால் கட்டுக்குள் இருக்கும் காலின் பலம் குறைவதும் ஓரளவு தணியும். மூளையும் நரம்பும் இரண்டு காலையும் சேர்த்தே நடத்துகின்றன. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையால் பந்து எறியுங்கள், தினமும் நூறு. மணிக்கட்டும் முழங்கையும் நேராகும். நான் இரண்டாவது முறை கட்டோடு இருந்தபோது வாசலில் உட்கார்ந்து அண்ணன் கையில் பிடித்த வாளிக்குள் எறிந்தேன். என் ப்ரீ-த்ரோ அந்த வருடம்தான் சீரானது.

வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் தொடாதீர்கள். சிகரெட்டை விட்டேவிடுங்கள், எலும்பு கூடுவதை அது நேரடியாகத் தாமதப்படுத்தும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரத்தம் உறைந்திருக்கலாம். ஊன்றுகோலோடு ஈரமான டைல்ஸ் மேல் நடக்காதீர்கள். ஜனவரியிலிருந்து எங்களுக்குப் புயல் மழைக் காலம், அந்த மாதங்களில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் வழுக்கி விழுந்து நல்ல கையையும் முறித்துக்கொண்டு வருகிறார்.

சாப்பாடும் விரதமும்

எலும்பு கூடுகிற காலத்தில் உடல் எடையைக் குறைக்க நினைக்காதீர்கள். ஆடாததால் தொப்பை வரும் என்று பயந்து பாதிச் சாப்பாடு சாப்பிட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். பசியோடு இருக்கிற உடம்பு எலும்பைக் கட்டாது. ஒரு கிலோ எடைக்கு ஒன்றரை கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 80 கிலோ வீரருக்கு நாளுக்கு 120 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், வேகவைக்காத நூறு கிராம் பருப்பில் 24 கிராம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கால்சியம் பெரியவர்களுக்கு 1000 மில்லிகிராம், பதின்வயதினருக்கு 1300. ஒரு டம்ளர் பாலில் 300 வரும். எங்கள் சந்தையில் ப்ரெட் முரும் என்று கட்டுக்கட்டாக விற்கிறார்களே, அது நம் முருங்கைக்கீரைதான். பெயரிலேயே முருங்கை ஒட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறது. வாரம் மூன்று நாள் அதில் ரசம்போல் வைத்துக் குடியுங்கள்.

வைட்டமின் டி அளவை ஒருமுறை ரத்தத்தில் பாருங்கள். தீவில் இவ்வளவு வெயில் இருக்கிறதே என்பார்கள். பகல் முழுக்க அலுவலகத்திலும் மாலையில் உள்ளரங்கத்திலும் இருப்பவர் மேல் அந்த வெயில் எங்கே படுகிறது? மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள்.

இனி ஒரு விஷயம், எங்கள் ஊருக்கே உரியது. 2022 அக்டோபரில் என் அண்ணன் மகனுக்கு, 19 வயது, ஆறடி நான்கு அங்குலம், நாவிகுலர் முறிந்து ஸ்க்ரூ வைத்தார்கள். கால் சரியானால் காவடி எடுக்கிறேன் என்று அண்ணி முருகனிடம் வேண்டிக்கொண்டார். மகன் சார்பில் வேண்டியது, எடுக்க வேண்டியவன் அவன். தைப்பூசம் பிப்ரவரியில் வந்தது. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம், அப்புறம் வெறுங்காலோடு சுடுகிற தார்ச்சாலையில் நடை, கோர் த கார்ட் மலைச்சரிவில் உள்ள கோயிலுக்குப் படி ஏறி இறங்க வேண்டும். நான்கு மாதம் ஆன நாவிகுலர் அது. வெறுங்காலில் படி இறங்கும்போது எடை முழுவதும் பாதவளைவில் விழும். நான் முடியாது என்றேன். "அத்தை, வலியே இல்லை" என்றான் அவன். அண்ணி அழுதார். கடைசியில் நான் அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு குருக்களிடம் போய் எக்ஸ்ரேயைக் காட்டினேன். "வேண்டுதல் எங்கேயும் போகாதும்மா, அடுத்த வருஷம் எடுக்கட்டும். இந்த வருஷம் நீங்க பால் செம்பு எடுங்க" என்று அண்ணியிடம் சொன்னார். அதோடு வீடு அமைதியானது. விரதம் இருக்கிற வீரர்களுக்கு நான் சொல்வது: அசைவம் விடுங்கள், புரதத்தை விடாதீர்கள். பருப்பு, தயிர், பனீர், நிலக்கடலை எல்லாம் விரதத்துக்கு ஆகும். தீமிதி மட்டும் எலும்பு கூடி ஒரு வருடம் ஆகாமல் வேண்டாம்.

தண்ணீரில் தொடங்குங்கள்

தையல் ஆறி, ஊன்றலாம் என்று மருத்துவர் சொன்னதும் ஒரு நடைக்கட்டு, அதாவது பிளாஸ்டிக் பூட் தருவார்கள். அது மற்றக் காலைவிட உயரம். நல்ல காலுக்கும் தடித்த ஷூ போடாவிட்டால் இரண்டே வாரத்தில் இடுப்பு வலிக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் எங்கள் கடல் உதவிக்கு வருகிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலில் விழுவது உடல் எடையில் சுமார் பாதி, மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒன்று. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரைப் பக்கம் பவளப்பாறைக்கு உள்ளே அலையில்லாத தண்ணீர். கழுத்தளவில் ஒரு வாரம் நடை, மார்பளவில் ஒரு வாரம், இடுப்பளவில் ஒரு வாரம். ஒருநாள் விட்டு ஒருநாள், இருபது நிமிடம். அண்ணன் மகனை இப்படித்தான் நடத்தினேன். ரப்பர் அடியுள்ள கடல் ஷூ கட்டாயம் போட வேண்டும். தரையெல்லாம் பவளத் துண்டு, ஊர்சின் என்று நாங்கள் சொல்லும் முள் உருண்டை வேறு. அறுவைப் புண் முழுதாக மூடாமல் கடலில் இறங்காதீர்கள். கடல் இல்லாத ஊரில் நீச்சல் குளம் போதும்.

கரையில், வீட்டில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். துண்டைத் தரையில் விரித்து விரல்களால் இழுப்பது. விரல்களை மடக்காமல் பாதவளைவை மட்டும் மேலே தூக்கிப் பத்து எண்ணுவது. ரப்பர் பட்டையால் பாதத்தை வெளிப்பக்கமும் உள்பக்கமும் தள்ளுவது. வெளிப்பக்கம் தள்ளும் தசை ஒன்று அந்த ஐந்தாவது மெட்டாடார்சலின் அடியிலேயே போய் ஒட்டுகிறது. அதனால் ஜோன்ஸ் முறிவுக்கு அதை மருத்துவர் சொன்ன வாரத்துக்கு முன்னால் ஆரம்பிக்க வேண்டாம்.

கெண்டைக்காலை அளங்கள்

மாவுக்கட்டு பிரித்த காலைப் பார்த்து அதிர்ச்சி அடையாத வீரர் இல்லை. முழங்கால் சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே நாடாவை வைத்து இரண்டு காலையும் அளந்து தேதியோடு எழுதுங்கள். என் முதல் அளவில் வித்தியாசம் மூன்று சென்டிமீட்டர். குதிகால் தூக்குவதை இரண்டு காலிலும் சேர்த்து ஆரம்பித்து, அப்புறம் ஏறும்போது இரண்டு கால், இறங்கும்போது ஒரு கால், அதன் பிறகுதான் ஒற்றைக்கால். ஒற்றைக்காலில் சுத்தமாக 25 வர வேண்டும், நல்ல காலில் எவ்வளவு உயரம் குதிகால் போகிறதோ அவ்வளவு உயரம். சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எண்ணிக்கை வந்துவிட்டது என்று உயரத்தை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

ஓடுவதற்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது: படம். ஜோன்ஸ், நாவிகுலர் இரண்டுக்கும் நான் சி.டி. ஸ்கேன் கேட்பேன். எக்ஸ்ரேயில் ஒட்டியதுபோல் தெரிந்தது சி.டி.யில் பாதிக் கோடாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் "கூடிவிட்டது" என்று எழுதிக் கொடுக்காமல் நான் யாரையும் ஓடவிட மாட்டேன். எந்த கோச் போன் செய்தாலும் இதே பதில்தான்.

கூடிவிட்டது என்றால் ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் காலையில் படுக்கையிலிருந்து எழுந்ததும் அந்த எலும்புப் புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தசை வலித்தால் பரவாயில்லை. எலும்புப் புள்ளி வலித்தால் ஒரு படி பின்னால் வந்து மூன்று நாள் நில்லுங்கள். வாரம் முழுக்க வலித்தால் மருத்துவரிடம் போங்கள்.

குதிப்பதை எண்ணிக்கையில் கொடுங்கள். முதலில் ஒரு பெட்டி மேல் ஏறிக் குதிப்பது, இறங்கும்போது நடந்து இறங்குவது. அப்புறம் நின்ற இடத்தில் இரு கால், முன்பக்கம் இரு கால், ஒற்றைக்கால் நின்ற இடத்தில், ஒற்றைக்கால் பக்கவாட்டில். ஒரு தடவைக்கு நாற்பது குதிப்புக்கு மேல் வேண்டாம். எலும்பு முதல் சில பத்துக் குதிப்புகளுக்குத்தான் பதில் சொல்லும், அப்புறம் மரத்துப்போகும். சில மணி நேரம் விட்டால் மறுபடி கவனிக்கும். அதனால் சாயங்காலம் நூறு என்பதைவிடக் காலையில் நாற்பது, மாலையில் நாற்பது நல்லது. வெட்டித் திரும்புவதும், பாதத்தின் வெளிவிளிம்பை ஊன்றித் தள்ளுவதும் கடைசியில்தான் வர வேண்டும், ஜோன்ஸ் முறிவு ஆனவர்களுக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில். என்னை முறித்தது அந்த அசைவுதான்.

ஷூ

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதை விட்டுவிடாதீர்கள். வெறுங்காலோடு நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து குதிகாலைப் பாருங்கள். உள்பக்கம் சாய்ந்து, எடை எல்லாம் வெளிவிளிம்பில் விழுகிறதா? பழைய ஷூவின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? அப்படியென்றால் வெளிப்பக்கம் தூக்கிக் கொடுக்கும் உள்தகடு ஒன்று செய்துகொள்ளாமல் ஆடாதீர்கள். அந்தச் சாய்வுதான் எலும்பை வளைக்கிறது. ஷூ சுண்டுவிரலை நசுக்காத அகலத்தில் இருக்கட்டும். கையால் முறுக்கினால் துணிபோல் திருகக் கூடாது. முதல் சில மாதத்துக்குக் கார்பன் தகடு கிடைத்தால் உள்ளே வையுங்கள். அண்ணனுடைய பழைய ஷூ, நண்பனுடைய ஷூ எதுவும் வேண்டாம். எங்கள் ஊரில் வெளி ஆடுகளம் பல இடத்தில் காங்கிரீட்தான். திரும்புகிற முதல் இரண்டு மாதமாவது மரத்தளம் உள்ள அரங்கமாகப் பார்த்துப் போங்கள், பேருந்தில் ஒரு மணி நேரம் ஆனாலும்.

ஆடுகளத்தில்

முதல் வாரம் தனியாக. இரண்டாவது வாரம் அணியோடு, ஆனால் யாரும் இடிக்காமல். அப்புறம் அரைக் களத்தில் மூவருக்கு மூவர், அதன் பின் ஐவருக்கு ஐவர். ஒற்றைக்காலில் தாண்டுவது, மூன்று தாண்டல், பக்கவாட்டுத் தாண்டல் மூன்றிலும் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வந்து, முழுப் பயிற்சி இரண்டு வாரம் செய்தும் காலையில் எலும்புப் புள்ளி அமைதியாக இருந்தால்தான் ஆட்டம். முதல் ஆட்டம் எட்டு நிமிடம். வாரத்துக்கு நான்கு நிமிடம் கூட்டுங்கள். அடுத்தடுத்த நாளில் இரண்டு ஆட்டம் ஆடாதீர்கள். நிமிடத்தை கோச் எண்ண மாட்டார், ஆட்டத்தின் சூட்டில் அவருக்கு நினைவிருக்காது. பெஞ்சில் ஒருவரிடம் கடிகாரத்தைக் கொடுத்து வையுங்கள்.

ஆட்டத்திறன் எந்த வரிசையில் திரும்புகிறது என்று சொன்னால் பலருக்குப் பயம் குறையும். ஷூட்டிங் முதலில் வரும், பாஸ் கொடுக்கும் திறன் போகவே போகாது. முதல் அடியின் வேகம் மெதுவாக வரும். ஒரு முறை குதித்து இறங்கிய உடனே மறுபடி குதிப்பது, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கு இரண்டாவது தாவல், எல்லாவற்றுக்கும் கடைசி. அது வர எனக்கு ஐந்து மாதம் ஆனது. பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்று புள்ளி எறிகள் எல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பினால் கை தப்பு செய்யவில்லை, கால் களைத்துவிட்டது. அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் குதித்து இறங்கும்போது யார் காலின் மேலாவது மிதித்துவிடுவோமோ என்ற எண்ணம் வரும். வந்தால் அது கோழைத்தனம் இல்லை. நான் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு, வீரர்கள் லே-அப், அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் தாவிப் பந்தைப் போட்டு இறங்கும்போது பக்கத்திலிருந்து மெதுவாக இடிப்பேன். நாளுக்கு இருபது முறை, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமாக. மூன்றாவது வாரத்தில் அவர்கள் கண் தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வளையத்தைப் பார்க்கும்.

அண்ணன் மகன் 2023 மே மாதம், அறுவை முடிந்து ஏழாவது மாதம், எட்டு நிமிடம் ஆடினான். நான்கு ரீபவுண்ட், இரண்டு புள்ளி. ஆகஸ்டில் இருபத்தைந்து நிமிடத்துக்கு வந்தான். நவம்பரில் சி.டி. மறுபடி எடுத்தோம், கோடே தெரியவில்லை. 2024 ஜனவரி 25, தைப்பூசம். அவன் காவடி எடுத்தான். அண்ணி அவனுக்கு முன்னால் பால் செம்போடு நடந்தார். நான் அவனுடைய ஷூவை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே மலைப்படி ஏறினேன். மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போய் அவன் பாதத்தை மடியில் வைத்து அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். "இல்லை அத்தை" என்றான். திங்கட்கிழமை பயிற்சிக்குப் போனான்.